தருமி என்று கூப்பிட்டால் முழிக்க வேண்டாம்

தம்பி, சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் புதுக் கிராணி (கணக்கு எழுதும் குமாஸ்தா) நீங்கள். மண்டோர் (வேலையாட்களை மேய்க்கும் கங்காணி) கொடுத்த கணக்கை மேனேஜரிடம் அப்படியே நீட்டி, கேள்வி வந்ததும் திணறினீர்கள். அன்றிலிருந்து பசியாறும் நேரத்தில் 'தருமி' என்று கூப்பிட்டுச் சிரிக்கிறார்கள். மலாய்ப் பள்ளியில் படித்த உங்களுக்கு அது புரியவில்லை. பழைய படமெல்லாம் பார்க்க வேண்டுமா என்கிறீர்கள்.

வேண்டாம், ஒரு காட்சி போதும். 1965இல் வந்த 'திருவிளையாடல்'. தருமி ஏழைப் புலவர், நடித்தவர் நாகேஷ். பெண்கள் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா? பாண்டியனின் இந்தச் சந்தேகத்தைத் தீர்த்தால் ஆயிரம் பொற்காசு. கோயிலில் புலம்பும் தருமிக்குச் சிவனே வந்து பாட்டுக் கொடுப்பார். (அந்தப் பாட்டு நிஜமாகவே குறுந்தொகையில் 2ஆம் பாடல்.) சபையில் புலவர் நக்கீரர் குற்றம் கண்டுபிடித்து விளக்கம் கேட்டதும் தருமி முழிப்பார் பாருங்கள்! பிழை எவ்வளவோ அதற்கேற்பப் பரிசைக் குறைத்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள் என்று பேரம் வேறு.

ஆக, பட்டப்பெயர் பொருத்தம்தான், கோபப்படாதீர்கள். அடுத்த முறை கூப்பிட்டால், "சரி, பிழைக்கேற்பச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். புரிந்த மாதிரி சிரிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். அப்புறம், ஆபிஸில் மூத்தவர் யாரிடமாவது கேளுங்கள். முழு வசனத்தையும் நடித்தே காட்டிவிடுவார்.