எல்டன் ரிங் நிலத்தில் வழி தேடுவோருக்கு: கேள்வி பதில்

2022 பிப்ரவரியில் வெளியான எல்டன் ரிங் வீடியோ விளையாட்டின் திறந்த நிலத்தில் எப்படிச் சுற்றுவது, எங்கே என்ன தேடுவது என்று கொங்குப் பகுதி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நிலத்தைப் பற்றி மட்டும் கேளுங்கள், சண்டை உத்திக்கு வேறு ஆளைப் பாருங்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன்.

பெருந்துறை நண்பர்: வெளியே வந்த உடனேயே பொன்னிறக் கவசம் அணிந்த குதிரைவீரன் என்னை வெட்டிச் சாய்த்துவிடுகிறான். அவனை வெல்லாமல் மேலே செல்ல முடியாதா?

பதில்: தாராளமாகச் செல்லலாம். ட்ரீ சென்டினல் என்னும் அவனை வாசலிலேயே நிறுத்தியிருப்பதன் நோக்கமே, எதிரில் நிற்பவை அனைத்தோடும் மோத வேண்டியதில்லை என்று உங்களுக்கு உணர்த்துவதுதான். அவன் பார்வையில் படாமல் ஓரமாகச் சுற்றி எல்லே தேவாலயத்தை அடையுங்கள். அங்கே காலே என்னும் வணிகர் 300 ரூனுக்கு (ரூன்தான் இங்கே காசு) விற்கும், பொருள்கள் செய்ய உதவும் கிராஃப்டிங் கிட்டை முதலில் வாங்கிவிட்டு, சாலையைப் பிடித்து வடக்கே போய், கேட்ஃபிரண்ட் இடிபாட்டுக்கு அருகிலுள்ள கிரேஸில், அதாவது இளைப்பாறும் பொன்னொளி இடத்தில், அமர்ந்தால், மெலினா என்னும் பெண் தோன்றி டோரண்ட் குதிரையை அழைக்கும் ஊதலைத் தருவாள். அந்த வீரனோடு கணக்குத் தீர்க்க வேண்டுமானால் குதிரை கிடைத்த பிறகு திரும்பி வாருங்கள்.

கோபி நண்பர்: வரைபடத்தைத் திறந்தால் வெறும் பழுப்புத் தாளாக இருக்கிறது, அண்ணா. அதனால் எல்லா இடங்களும் குறிக்கப்பட்ட இணைய வரைபடத்தைக் கைப்பேசியில் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு விளையாடுகிறேன். அது சரிதானே?

பதில்: சரியில்லை, தம்பி. அந்தப் பழுப்புத் தாளை உற்றுப் பாருங்கள். சாலைகள் மங்கலாகத் தெரியும். சாலையோரம் ஓரிடத்தில் மிகச் சிறிய கல்தூண் குறி ஒன்று இருக்கும். அந்தத் தூணின் அடியில்தான் அந்தப் பகுதிக்கான வரைபடத் துண்டு கிடக்கிறது. தொடக்கப் பகுதியான லிம்கிரேவில் அது கேட்ஃபிரண்டில், படைவீரர்கள் உலவும் முகாமிலேயே இருப்பதால், குதிரையில் பாய்ந்து எடுத்துக்கொண்டு அப்படியே ஓடிவிடலாம்.

துண்டு கிடைத்தவுடன் விரியும் படம் வெறும் அலங்காரமன்று. அதில் வரையப்பட்டுள்ள கோடுகளுக்கெல்லாம் பொருள் உண்டு. பாறைச் சரிவில் செந்நிற விளிம்போடு கறுப்புப் பொட்டு ஒன்று தெரிந்தால் அது சுரங்கம். ஆயுதத்தை மேம்படுத்தும் ஸ்மிதிங் ஸ்டோன் அங்கே கிடைக்கும். கூரையற்ற சிறு கட்டடம் தெரிந்தால் பாழடைந்த தேவாலயமாக இருக்கலாம். உயிரை மீட்கும் குடுவையின் வீரியத்தைக் கூட்டும் சேக்ரட் டியரைத் தேவாலயங்களில்தான் தேட வேண்டும். வழியில் கூன் விழுந்த முதியவரின் கற்சிலை ஒன்றைக் கண்டால் நின்று தொட்டுப் பாருங்கள். அதிலிருந்து நீல ஒளிக்கோடு புறப்பட்டு, அருகிலுள்ள நிலவறைக் கல்லறையின் திசையைக் காட்டும். நீங்களே வரைபடத்தில் 100 குறிகள் வரை இடலாம். தொலைவிலிருந்து தெரியும் ஒளித்தூண்களை 5 இடங்களில் நாட்டலாம். இத்தனையும் கையில் இருக்கும்போது, யாரோ ஊசி குத்தி வைத்த இணைய வரைபடத்தைப் பார்த்து நடப்பவர் தேடுவதில்லை, சரக்கு வசூலிக்கிறார். முதல் சுற்றில் அதைத் திறக்காதீர்கள்.

அவிநாசி நண்பர்: ஸ்டார்ம்வேல் கோட்டை வழியை மறித்து நிற்கும் மார்கிட்டை எத்தனை முறை முயன்றும் வெல்ல முடியவில்லை. கிரேஸிலிருந்து கிளம்பும் பொன்னொளி அவனிடம்தான் போகச் சொல்கிறது. என்ன செய்வது?

பதில்: இது சண்டைக் கேள்விதான் என்றாலும் இதற்கான விடை நிலத்தில் இருப்பதால் எழுதுகிறேன். அந்தப் பொன்னொளி கதை செல்லும் திசையைக் காட்டுகிறதே தவிர, நீங்கள் இப்போதே அங்கே போயாக வேண்டும் என்று கட்டளையிடவில்லை. ஒளிக்கு முதுகைக் காட்டித் தெற்கே திரும்புங்கள். பிரிட்ஜ் ஆஃப் சேக்ரிஃபைஸ் பாலத்தைத் தாண்டினால் வீப்பிங் பெனின்சுலா வரும். அங்குள்ள தேவாலயங்களில் மூன்று சேக்ரட் டியர் இருக்கின்றன. பொன்னிறத்தில் மின்னும் சிறு மரக்கன்றுகளின் அடியில் கோல்டன் சீட் கிடைக்கும். அது குடுவைகளின் எண்ணிக்கையைக் கூட்டும். அந்தத் தீபகற்பத்தை முழுவதும் சுற்றி முடிப்பதற்குள் உங்கள் லெவலும் ஆயுதமும் தாமாகவே உயர்ந்திருக்கும். விகர் என்னும் உயிர்வலுவை மறக்காதீர்கள்.

சத்தியமங்கலம் நண்பர்: மார்கிட்டை வெல்ல எந்த லெவல் வேண்டும்?

பதில்: அவிநாசி நண்பருக்கு எழுதியதைப் படியுங்கள்.

தாராபுரம் நண்பர்: ஏரி நடுவிலுள்ள இடிபாட்டில் ஒரு பெட்டியைத் திறந்தேன், புகை சூழ்ந்து எங்கோ ஒரு சுரங்கத்துக்குள் கொண்டுபோய் விட்டது. வரைபடத்தைத் திறந்து வேறு கிரேஸுக்குத் தாவவும் முடியவில்லை.

பதில்: டிராகன்-பர்ன்ட் இடிபாட்டுப் பெட்டி அது. நீங்கள் இருப்பது கேலிட் நாட்டின் செல்லியா கிரிஸ்டல் டனல். எவரையும் எதிர்க்காமல் வாசலைத் தேடி ஓடுங்கள். சுரங்கத்துக்கு வெளியே கால் வைத்த பிறகு வரைபடத்தின் வழியாக லிம்கிரேவுக்குத் திரும்பலாம். வெளியே வானம் சிவந்து கிடப்பதைப் பார்த்து மிரள வேண்டாம்.

பொள்ளாச்சி நண்பர்: இந்த விளையாட்டில் உங்களை மிகவும் வியக்க வைத்த இடம் எது?

பதில்: இப்படி ஒரு கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். லிம்கிரேவின் கிழக்கே மிஸ்ட்வுட் என்னும் காட்டுக்குள், கரடிகளுக்குப் பயந்து பதுங்கிப் போகும் வழியில், வட்ட வடிவில் ஒரு கல்மண்டபம் இருக்கிறது. சியோஃப்ரா ரிவர் வெல் என்று அதற்குப் பெயர். உள்ளே இருக்கும் மேடையில் ஏறி நின்றால் அது கீழே இறங்கத் தொடங்கும். இறங்கிக்கொண்டே இருக்கும். பாறையை வெட்டி இறக்கிய நம் ஊர்க் கிணறுகளை எட்டிப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, இவ்வளவு ஆழம் போனால் அடியில் இருட்டும் தண்ணீரும்தான் இருக்கும் என்ற எண்ணம் இயல்பாகவே வரும். மேடை நிற்கிறது, சற்று நடக்கிறோம். தலைக்கு மேல் விண்மீன்கள் நிறைந்த ஊதா நிற வானமும், அதன் கீழே ஓர் ஆறும், இடிந்த தூண்களும் விரிகின்றன. மண்ணுக்கு அடியில் இன்னொரு நாடே இருப்பதை அதுவரை எந்த அறிவிப்பும் நமக்குச் சொல்லியிருக்காது. வரைபடமும் அப்போதுதான் இரண்டு அடுக்காகப் பிரிகிறது. அங்கே தூண்களின் உச்சியில் 8 தீபங்கள் ஏற்ற வேண்டும். ஏன் என்பதை நீங்களே கண்டுபிடியுங்கள். இணைய வரைபடத்தில் இதை முன்பே பார்த்துவிட்டவருக்கு அந்த மேடை வெறும் லிஃப்ட்தான்.

பல்லடம் நண்பர்: நான் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து, இரவு ஒரு மணிநேரம் விளையாடுபவன். திசை தெரியாமல் அலைவதற்கு உங்களைப் போன்றவர்களுக்கு நேரம் இருக்கலாம். அந்த ஒரு மணிநேரத்தில் வெறும் புல்லை மட்டும் பார்த்துவிட்டுப் படுத்தால் எனக்கு என்ன மிச்சம்? இணைய வரைபடத்தைப் பார்ப்பவர்களை ஏன் குறைவாகப் பேசுகிறீர்கள்?

பதில்: உங்கள் உழைப்பைக் குறைவாகப் பேசவில்லை. உங்களிடம் இருக்கும் அந்த ஒரு மணிநேரத்தை எதற்குச் செலவிடுகிறீர்கள் என்றுதான் கேட்கிறேன். குறியிட்ட இடத்துக்குப் போய், குறித்த பொருளை எடுத்து, அடுத்த குறிக்கு ஓடுவதென்றால் அது கம்பெனி வேலையின் இன்னொரு அரை ஷிப்ட் அல்லவா?

நாமக்கல் நண்பர்: பல்லடத்துக்காரர் சொல்வதே சரி. இதில் வரும் பாத்திரங்களின் கதைகளை வழிகாட்டி இல்லாமல் எவரும் முடிக்க முடியாது. யார் எங்கே போனார், அடுத்து எங்கே வருவார் என்று எழுதி வைக்கும் பட்டியல்கூட விளையாட்டில் இல்லை. இதைத் தேடுதல் என்று புகழ்வதா?

பதில்: நிலத்தையும் பாத்திரங்களையும் ஒன்றாகக் கட்டாதீர்கள். பாத்திரங்கள் விஷயத்தில் உங்கள் பேச்சில் நியாயம் இருக்கிறது. மிலிசென்ட் என்னும் பெண்ணின் கதை கேலிடில் தொடங்கி, ஆல்டஸ், பனிமலை என்று தாவி, ஹேலிக்ட்ரீயில் முடிகிறது. ஓரிடம் தவறினாலும் நூல் அறுந்துவிடும். 2022 மார்ச்சில் வந்த 1.03 புதுப்பிப்பில்தான் சந்தித்த பாத்திரங்களின் பெயரும் இடமும் வரைபடத்தில் பதியும் வசதியையே சேர்த்தார்கள். ஆகவே மிலிசென்ட்டுக்கு வழிகாட்டியைப் படியுங்கள், நான் தடுக்கவில்லை.

ஆனால் எல்லாப் பாத்திரங்களும் அப்படியல்ல. மிஸ்ட்வுட்டில் ஓர் ஓநாயின் ஊளை கேட்கும். அதை வணிகர் காலேயிடம் போய்ச் சொன்னால் விரலைச் சொடுக்கும் சைகையைக் கற்றுத்தருவார். இடிபாட்டின் அடியில் நின்று சொடுக்கினால், ஊளையிட்ட பிளைட் என்னும் ஓநாய்மனிதன் மேலிருந்து குதித்து வருகிறான். லிம்கிரேவில் இன்னோரிடத்தில் ஆள் எவரும் இல்லாமல் உதவி கேட்டு ஒரு குரல் மட்டும் வரும். அங்கே நிற்கும் சிறு மரத்தை ஒரு தட்டுத் தட்டினால் அது போக் என்னும் தையற்காரனாக மாறிவிடும். இவை இரண்டுக்கும் காது போதும்.

பல்லடம் நண்பர்: காதைத் தீட்டிக்கொண்டு விளையாட வீட்டில் குழந்தை தூங்க வேண்டுமே! ஒலியை நிறுத்தி வைத்துத்தான் விளையாடுகிறேன்.

பதில்: அப்படியானால் ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள். ஓர் உடன்பாட்டுக்கு வருவோம். ஒரு பகுதியின் வரைபடத் துண்டை எடுத்தவுடன் அதில் சந்தேகம் தரும் மூன்று இடங்களை நீங்களே குறியிடுங்கள். ஓர் இரவுக்கு ஓர் இடம் பாருங்கள். சுரங்கமோ கல்லறையோ பெரும்பாலும் ஒரு மணிநேரத்துக்குள் முடிந்துவிடும். வெறுங்கையோடு படுக்க வேண்டியிராது. அந்தப் பகுதியை விட்டுக் கிளம்பும் நாளில் இணைய வரைபடத்தைத் திறந்து, விட்டுப்போனதைப் பொறுக்கிக்கொள்ளுங்கள். நாமக்கல் நண்பர் இதற்கும் மறுப்பு அனுப்பியிருக்கிறார். கேள்விகள் இன்னும் இருப்பதால் அதைத் தனியே வைத்திருக்கிறேன்.

ஈரோடு நண்பர்: மார்கிட்...

பதில்: தெற்கே போங்கள்.

கரூர் நண்பர்: 8 ஜிபி ராம் உள்ள கணினியில் ஓடுமா?

பதில்: குறைந்தது 12 ஜிபி ராமும், வட்டில் 60 ஜிபி இடமும் கேட்கிறார்கள். மற்றதைக் கணினிக் கடையில் விசாரியுங்கள்.

ஊத்துக்குளி நண்பர்: பாறை விளிம்புகளில் குதித்தே பாதி ரூனை இழந்துவிட்டேன். உயரத்தை எப்படிக் கணிப்பது?

பதில்: ரெயின்போ ஸ்டோன் என்னும் ஒளிரும் கல்லை விளிம்பிலிருந்து கீழே போடுங்கள். சத்தத்தோடு சிதறினால் அங்கே குதித்தால் சாவு உறுதி. முழுதாகக் கிடந்து ஒளிர்ந்தால் குதிக்கலாம்.

உடுமலை நண்பர்: ஸ்டார்ம்வேல் கோட்டைக்குள் போகாமலேயே லியூர்னியாவுக்கும், அங்கிருந்து ஆல்டஸ் மேட்டுக்கும் போக முடியும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: இரண்டும் உண்மை. ஸ்டார்ம்ஹில் குடிசைக்கு வடக்கே, உடைந்த பாலத்தின் ஓரமாக, கோட்டையை இடப்புறம் விட்டுப் பாறை விளிம்பை ஒட்டி நடந்தால் லியூர்னியா ஏரியின் மேட்டில் போய் நிற்பீர்கள். ஆனாலும் கோட்டையை ஒரேயடியாக விட்டுவிடாதீர்கள். கூரைகளும் பின்வாசல்களுமாக அவ்வளவு நுணுக்கமாகக் கட்டப்பட்ட இடம் அது. ஆல்டஸுக்கு இரண்டு வழிகள். டெக்டஸ் பெருந்தூக்கியை இயக்க, ஃபோர்ட் ஹைட்டிலும் ஃபோர்ட் ஃபாரோத்திலும் உள்ள பதக்கத்தின் இரு பாதிகள் வேண்டும். அவை இல்லாவிட்டால் லியூர்னியாவின் வடகோடியில் இருக்கும் பள்ளத்தாக்கில் நுழைந்து, ரூயின் ஸ்ட்ரூன் பிரெசிபிஸ் வழியாக ஏணி ஏணியாக ஏறிப் போகலாம். உச்சியில் மேக்மா வைர்ம் மகார் வழிமறித்திருக்கும்.