யார் எழுதிக் கொடுத்தது? – வாசகர் கேள்வி பதில்

தோழர், பிரிட்டன் லேபர் கட்சியில் ஜெரமி கோர்பினை யூத வெறுப்பாளர் என்று முத்திரை குத்தி ஓரங்கட்டினார்கள். இடதுசாரித் தலைவர் ஒருவரைக் கவிழ்க்க நடந்த சதிதானே அது? எங்கள் நூலக வாசகர் வட்டத்தில் இதைப் பேசப்போய்ப் பெரிய சண்டையாகிவிட்டது.
– ஓய்வு பெற்ற ஆசிரியர், மன்னார்குடி

சதி என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால் பாதி விஷயம் விட்டுப்போகும். ஐயா, உங்கள் வட்டத்தில் இரண்டு பக்கமும் பேசியவர்களிடம் கொஞ்சம் கொஞ்சம் நியாயம் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

கோர்பினைத் தலைவராக ஏற்கக் கட்சியின் எம்.பி.க்களில் பெரும்பாலோருக்கு மனம் இல்லை என்பது உண்மை. 2015இல் தலைவர் தேர்தலில் நிற்க 35 எம்.பி.க்கள் முன்மொழிய வேண்டும். நேரம் முடியப்போகிற கடைசி நிமிடங்களில்தான் அவருக்கு 36 பேர் சேர்ந்தார்கள். அவர்களிலும் சிலர் விவாதத்தில் இடதுசாரிக் குரலும் இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டவர்கள். அவர் ஜெயிப்பார் என்று எதிர்பார்க்கவே இல்லை. வாக்கு எண்ணினால் 59.5 சதவீதம். அன்றிலிருந்தே அவரை இறக்க வழி தேடியவர்கள் கட்சிக்குள் இருந்தார்கள்.

ஆனால் புகார்களும் பொய்யில்லை. லிவர்பூல் எம்.பி. லூசியானா பெர்கரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் யூதப் பெண். அவரை மிரட்டிச் சிறைக்குப் போனவர்களில் தீவிர வலதுசாரிகள் உண்டு. அதே நேரம் சொந்தக் கட்சிக்காரர்களிடமிருந்தும் அவருக்கு வசவு வந்தது. 2018இல் தன் ஊரிலேயே நடந்த கட்சி மாநாட்டுக்கு அவர் போலீஸ் பாதுகாப்போடு போக வேண்டியிருந்தது. 2019 பிப்ரவரியில் இன்னும் ஆறு எம்.பி.க்களோடு கட்சியை விட்டே வெளியேறினார். சொந்தக் கட்சி மாநாட்டுக்குப் போலீஸ் துணையோடு போகிற நிலை ஒரு பெண்ணுக்கு வந்தால், அதைச் சதி என்று தள்ளிவிட எனக்கு வாய் வராது.

பிரிட்டனின் சமத்துவ, மனித உரிமை ஆணையம் விசாரித்து 2020 அக்டோபர் 29 அன்று அறிக்கை கொடுத்தது. கட்சி சட்டத்தை மீறியிருக்கிறது என்பது அதன் முடிவு. ஆணையம் மாதிரிக்கு எடுத்துப் பார்த்த 70 புகார்க் கோப்புகளில், தலைவர் அலுவலகமோ மற்றவர்களோ முறையில்லாமல் தலையிட்ட நிகழ்வுகள் 23 தென்பட்டன. அன்றைக்கே கோர்பின், பிரச்சினையின் அளவை எதிரிகளும் ஊடகங்களும் அரசியல் காரணத்துக்காக மிகைப்படுத்தினார்கள் என்று அறிக்கை விட்டார். புதிய தலைவர் கீர் ஸ்டார்மரின் கட்சி அன்றைக்கே அவரை இடைநீக்கம் செய்தது.

இதற்கு முன்பே 2020 ஏப்ரலில் கட்சியின் உள் அறிக்கை ஒன்று கசிந்திருந்தது. தலைமை அலுவலக அதிகாரிகள் வாட்ஸ்அப்பில் கோர்பின் ஆதரவாளர்களைக் கேவலமாகப் பேசியதெல்லாம் அதில் இருந்தது. அதை விசாரித்த வழக்கறிஞர் மார்ட்டின் ஃபோர்டின் அறிக்கை 2022 ஜூலையில் வந்தது. யூத வெறுப்புப் பிரச்சினையை இரண்டு கோஷ்டிகளும் ஆயுதமாகவே பார்த்தன என்று அது சொன்னது. கோர்பினுக்கு எதிரானவர்கள் அவரை அடிக்க அதை எடுத்தார்கள். அவருடைய ஆட்கள், இது நம்மை அடிக்கத்தான் என்று சொல்லிப் புகாரையே மறுத்தார்கள்.

இதை நான் லண்டனைப் பார்த்து மட்டும் சொல்லவில்லை. நான் பல வருஷம் வேலை செய்த தொழிற்சங்கத்தில் ஒரு தற்காலிகப் பெண் ஊழியர் மனு கொடுத்தார். சங்க அலுவலகத்தில் எல்லோருக்கும் எவர்சில்வர் தம்ளரில் டீ வரும். அவருக்கு மட்டும் காகிதக் கப். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, எப்போதும். மனு, கோடு போட்ட நோட்டுத்தாளில் ஒன்றரைப் பக்கம். செயற்குழுவில் அதை வாசித்து முடித்ததும் வந்த முதல் கேள்வி, “இதை உனக்கு யாரும்மா எழுதிக் கொடுத்தது?” காகிதக் கப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. சங்கத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த நேரம். அடுத்த வாரமே எதிர் அணியினர் அந்த மனுவை ஜெராக்ஸ் எடுத்து ஊர் ஊராகக் கொடுத்தார்கள், அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்காமலே. தேர்தல் முடிந்தது, அவர்கள் ஜெயித்தார்கள். மனு என்ன ஆனது என்று நானும் இன்னொரு தோழரும் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம். அந்தப் பெண் அதற்குள் சங்கத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார். அவரை நம்பாதவர்களும் கேட்கவில்லை, நம்புகிறோம் என்றவர்களும் கேட்கவில்லை.

புகாரால் யாருக்கு லாபம் என்பதைப் பிறகு பேசலாம். கப் வந்ததா இல்லையா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். லேபர் கட்சியில் வருஷக்கணக்காக இந்த வரிசை தலைகீழாக நடந்தது.

அக்கா, காஸாவுக்காகக் கல்லூரி வாசலில் மெழுகுவர்த்தி ஏந்தினோம். “இதுவும் யூத வெறுப்புதான்” என்று ஒரு பேராசிரியர் சொன்னார். இஸ்ரேலை விமர்சித்தாலே யூத வெறுப்பா?
– கல்லூரி மாணவி, கும்பகோணம்

இல்லைம்மா. ஒரு அரசு குண்டு போட்டால் அதைக் கண்டிக்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. மேலே சொன்ன ஆணையத்தின் அறிக்கையே, இஸ்ரேல் அரசை நியாயமாக விமர்சிப்பது கருத்துச் சுதந்திரத்துக்குள் வரும் என்று தெளிவாகச் சொல்கிறது.

லேபர் கட்சி 2018இல் முட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான். சர்வதேச ஹோலோகாஸ்ட் (நாஜிகள் நடத்திய யூதப் படுகொலை) நினைவுக் கூட்டணி என்ற அமைப்பு 2016இல் யூத வெறுப்புக்கு ஒரு வரையறையும், கூடவே 11 உதாரணங்களும் வெளியிட்டது. அவற்றில் பல, இஸ்ரேலைப் பற்றிய பேச்சு சம்பந்தப்பட்டவை. பாலஸ்தீனர்கள் தங்கள் கதையைச் சொல்வதே குற்றமாகிவிடும் என்ற கவலையில், கட்சி சில உதாரணங்களை அப்படியே எடுக்காமல் விட்டது. பிரிட்டனின் மூன்று யூதப் பத்திரிகைகள் ஒரே முதல் பக்கத் தலையங்கத்தோடு கண்டித்தன. செப்டம்பரில் கட்சி எல்லாவற்றையும் ஏற்றது. அந்த வரையறையை எழுதியவர்களில் முக்கியமானவரான அமெரிக்க வழக்கறிஞர் கென்னத் ஸ்டெர்னே, பல்கலைக்கழகங்களில் பேச்சை அடக்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்று எதிர்த்தவர். அதனால் கட்சியின் கவலையை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் யூத சமூகத்தின் நம்பிக்கையை ஏற்கெனவே இழந்து நிற்கும்போது, அவர்களை உட்கார வைத்துப் பேசாமல் திருத்தப் போனது பெரும் தவறு.

எல்லை எங்கே இருக்கிறது என்பதற்கு நம் டெல்டாவிலேயே பதில் இருக்கிறது. 2009இல் முள்ளிவாய்க்காலில் நடந்ததற்கு இலங்கை அரசைக் கண்டித்து நாம் தெருவில் நின்றோம். அது நியாயம், இன்றும் நிற்போம். ஆனால் 2012 செப்டம்பரில் பூண்டி மாதா கோயிலுக்கும் வேளாங்கண்ணிக்கும் வந்த இலங்கை யாத்ரீகர்களை மறித்து, திருச்சி விமான நிலையம் போகும் வழியில் அவர்களுடைய பஸ்களைத் தாக்கினார்கள். மாதாவிடம் வேண்டிக்கொள்ள வந்த பெண்களும் பிள்ளைகளும் அந்தப் பஸ்களில் இருந்தார்கள். அடுத்த மார்ச்சில் தஞ்சைப் பெரிய கோயில் பார்க்க வந்த இளம் புத்த பிக்குவை அடித்தார்கள். அவர் தொல்லியல் படிக்கிற மாணவர். ராஜபக்சே செய்ததற்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? காவி உடையைப் பார்த்து ஆளை முடிவு செய்த கை அது. லண்டனிலோ மான்செஸ்டரிலோ ஒரு யூதப் பாட்டியிடம் போய் நெதன்யாகுவுக்குக் கணக்குக் கேட்பதும் அதே செய்கை.

உங்கள் மெழுகுவர்த்தி அந்த வகை இல்லை. பேராசிரியரிடம் மரியாதையாகவே இதைச் சொல்லுங்கள்.

கோர்பின் வாழ்நாள் முழுக்க இனவெறியை எதிர்த்தவர் என்கிறார்கள். அப்படிப்பட்டவர் மேல் இந்தப் பழி எப்படி ஒட்டியது?
– விவசாயத் தொழிலாளர் சங்க உறுப்பினர், கீழ்வேளூர்

தென்னாப்பிரிக்க நிறவெறிக்கு எதிரான மறியலில் 1984இல் கைதானவர் அவர். அதை யாரும் அழிக்க முடியாது. ஆனால் அதுவே ஒரு திரையாகவும் ஆனது. நான் இனவெறிக்கு எதிரானவன், ஆகவே என் பக்கம் இனவெறி இருக்காது என்ற நினைப்பு நல்லவர்களைத்தான் அதிகம் பிடிக்கிறது.

2012இல் கிழக்கு லண்டனில் ஒரு சுவர் ஓவியம். வயதான வங்கிக்காரர்கள் சிலர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து விளையாடுகிறார்கள்; அந்த மேசை, குனிந்து கிடக்கிற ஏழைகளின் முதுகு மேல் நிற்கிறது. அந்த முகங்களில் சிலவற்றை, நாஜிகள் யூதர்களைக் கேலி செய்து வரைந்த அதே பாணியில் தீட்டியிருப்பதாகப் புகார் வந்தது, ஓவியர் மறுத்தார். அதை அழிக்கப்போவதாகத் தெரிந்து ஓவியர் பேஸ்புக்கில் எழுத, கோர்பின் ஏன் அழிக்க வேண்டும் என்று அவருக்கு ஆதரவாகப் பதில் போட்டார். 2018 மார்ச்சில் அது வெளியே வந்தபோது, படத்தை உற்றுப் பார்க்கவில்லை என்று வருந்தினார். யூத அமைப்புகள் அழைப்பு விடுக்க, நாடாளுமன்றச் சதுக்கத்தில் கூட்டம் கூடியது.

வட்டிக்காரனைத் திட்டுகிற சாக்கில் ஒரு சாதியையே திட்டுகிற பேச்சை நம் டீக்கடைகளில் நீங்களும் கேட்டிருப்பீர்கள் தோழர். அதைக் கேட்டு ‘முதலாளித்துவத்தைத்தானே திட்டுகிறார்’ என்று தலையாட்டிவிட்டு வருகிற இடதுசாரிகளும் உண்டு. அந்த ஓவியத்திலும் நடந்தது அதுதான்.

கிழக்குத் தஞ்சையில் செங்கொடி வேர் பிடித்தது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் காலத்தில் சங்கம் கூலியை மட்டும் கேட்கவில்லை. பண்ணையார்கள் தலித் கூலிகளுக்குத் தண்டனையாகக் கொடுத்த சாணிப்பாலையும் சவுக்கடியையும் சேர்த்து எதிர்த்தது. கூலி உயர்ந்தால் சாதி தானாகப் போய்விடும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு வெண்மணியில் 44 பேரை உயிரோடு எரித்தபோது, அது கூலித் தகராறு மட்டும்தான் என்றோ சாதி மட்டும்தான் என்றோ நம் பக்கத்து மனிதர் யாரும் பிரித்துச் சொல்ல மாட்டார். அந்த அனுபவம் உள்ள இயக்கம், யூத உறுப்பினர் ஒருவர் வலிக்கிறது என்று சொல்லும்போது, வர்க்கப் போராட்டத்தைத் திசை திருப்புகிறார் என்று பதில் சொல்லக் கூடாது.

யூதர்களிலேயே பலர் கோர்பினை ஆதரித்தார்களே?
– கடை வியாபாரி, நாகப்பட்டினம்

ஆதரித்தார்கள். லேபர் கட்சியோடு 1920 முதல் இணைந்திருக்கிற யூதத் தொழிலாளர் இயக்கம் அவரைக் கடுமையாக எதிர்த்தது. 2017இல் தொடங்கிய இன்னொரு யூத அமைப்பு அவர் பக்கம் நின்றது. பாலஸ்தீனத்துக்காகப் பேசிய சில யூத உறுப்பினர்களையே ஸ்டார்மர் காலத்தில் கட்சி நீக்கியது, அதுவும் அநியாயம்தான். ஆனால் நம் பக்கம் பேசுகிற யூதரைக் காட்டி மற்ற யூதரின் வாயை அடைக்க முடியாது. தலித் ஒருவரை மேடையில் உட்கார வைத்துக்கொண்டு இங்கே சாதி இல்லை என்பவர்களை நமக்குத் தெரியும்.

172 எம்.பி.க்கள் வேண்டாம் என்ற பிறகும் ஒருவர் தலைவராக நீடித்தது ஜனநாயகமா?
– வழக்கறிஞர், பட்டுக்கோட்டை

2016 ஜூன் 28 வாக்கெடுப்பைச் சொல்கிறீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகும் பொதுவாக்கெடுப்பு நடந்த ஐந்தாம் நாள். நம்பிக்கையில்லை என்றவர்கள் 172 பேர், நம்பிக்கை உண்டு என்றவர்கள் 40 பேர். என்னைத் தேர்ந்தெடுத்தது உறுப்பினர்கள், எம்.பி.க்கள் அல்ல என்று கோர்பின் விலக மறுத்தார். மறுபடி தேர்தல் வைத்தார்கள், 61.8 சதவீதம் வாங்கினார். என் கணக்கில் அவர் நீடித்தது ஜனநாயகமே. சந்தா கட்டிப் படியேறி வாக்குக் கேட்கிறவனின் குரலை எம்.பி.க்கள் ரத்து செய்ய முடியாது. 2017 பொதுத் தேர்தலில் 40 சதவீத வாக்கும் 262 இடமும் வாங்கிக் காட்டினார். 2019இல் 202ஆகச் சரிந்தது. அது 1935க்குப் பிறகு கட்சிக்கு மிகக் குறைவு.

நம் கம்யூனிஸ்ட் கட்சிகளில் உறுப்பினர் நேரடியாகச் செயலாளரைத் தேர்ந்தெடுப்பதில்லை. மாநாடு குழுவைத் தேர்ந்தெடுக்கும், குழு செயலாளரைத் தேர்ந்தெடுக்கும். அதனால் இங்கே சண்டை வந்தால் வாக்குப்பெட்டியில் தீராமல் பிளவில் போய் நிற்கிறது. 1964 ஏப்ரலில் தேசியக் குழுவிலிருந்து 32 பேர் வெளிநடப்புச் செய்து கட்சி இரண்டானது. நம் பக்கம் ஒரே தெருவில் இரண்டு கொடிக்கம்பம் நடப்பட்டது. அண்ணன் தம்பி பேசாமல் போன வீடுகளை நானே அறிவேன். இரண்டு முறைகளில் எது நல்லது என்றால், நேரடி வாக்கு என்பேன். ஆனால் தலைவர் மேல் இருக்கிற பற்று, அவர் அலுவலகத்துக்கு எதிராக வருகிற ஒவ்வொரு புகாரையும் துரோகமாகப் பார்க்க வைக்கும். லேபர் கட்சியில் அதற்கு மாற்று மருந்து யாரிடமும் இருக்கவில்லை.

கோர்பின் இப்போது எங்கே?
– திருத்துறைப்பூண்டி வாசகர்

2024 ஜூலையில் இஸ்லிங்டன் நார்த் தொகுதியில் சுயேச்சையாக நின்று லேபர் வேட்பாளரை 7,247 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 1983 முதல் அவர் தொகுதி அது. 2025இல் இன்னொரு எம்.பி.யான ஸாரா சுல்தானாவோடு புதுக் கட்சி தொடங்கினார். அங்கேயும் உறுப்பினர் சேர்க்கை யார் கையில் என்று சில மாதங்களிலேயே இருவருக்கும் வெளிப்படையாகவே முட்டிக்கொண்டது. வருத்தமாக இருக்கிறது.

எங்கள் கிளையில் ஒரு தோழர் மேல் சாதிப் பேச்சுப் புகார் வந்திருக்கிறது. மாவட்ட மாநாடு நெருங்குகிறது. எதிர் கோஷ்டிக்குத் தீனியாகிவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். என்ன செய்யலாம் தோழர்?
– கிளைச் செயலாளர், திருவாரூர் மாவட்டம்

உங்களை வணங்குகிறேன், கேட்டதற்கே. புகார் கொடுத்தவரை இந்த வாரமே பாருங்கள். அவர் சொல்வதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி, அவரிடம் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். விசாரணைக் குழுவில் செயலாளராகிய நீங்களும் இருக்க வேண்டாம், செயலாளர் பதவிக்கு நிற்கிற யாரும் இருக்க வேண்டாம். புகார் கொடுத்தவரின் சமூகத்தைச் சேர்ந்த ஒருவரும், முடிந்தால் வேறு கிளைக்காரர் ஒருவரும் இருக்கட்டும். குற்றம் சாட்டப்பட்டவருக்கும் முழுப் புகாரையும் எழுத்தில் கொடுங்கள். அவர் தரப்பைச் சொல்ல அவகாசம் கொடுங்கள். மனுவின் நகல் குழுவுக்கு வெளியே போகக் கூடாது. வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது படம் பிடித்துப் போட்டால், அவர் எந்த அணியாக இருந்தாலும் நடவடிக்கை எடுங்கள்.

லேபர் கட்சியையும் ஆணையம் கடைசியில் இந்த வழிக்குத்தான் கொண்டு வந்தது. புகார் விசாரணையைத் தலைமையின் கையிலிருந்து பிரித்துச் சுதந்திரமான ஏற்பாட்டிடம் கொடுக்கச் சொன்னது. கட்சி அதைச் செய்த பிறகு, 2023 பிப்ரவரியில் ஆணையம் கட்சி மேல் வைத்திருந்த கண்காணிப்பை விலக்கிக்கொண்டது. லூசியானா பெர்கரிடம் ஸ்டார்மர் மன்னிப்புக் கேட்க, அவரும் அந்த மாதமே கட்சிக்குத் திரும்பினார். நீங்கள் மாநாட்டுக்கு முன்பே விசாரணையைத் தொடங்கிவிடுங்கள். முடிவு மாநாட்டுக்குப் பிறகு வந்தாலும் பரவாயில்லை. முடிவை முதலில் புகார் கொடுத்தவரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள், அப்புறம் கிளைக் கூட்டத்தில் வையுங்கள்.