மிதித்தால் அமுங்காத, விரிசல் விடாத ஃபைபர் ஷவர் ட்ரேயை எத்தனை அடுக்குகளில் செய்ய வேண்டும்?

முதல் மாடிக் குளியலறைக்காக, தெரிந்தவரின் ஃபைபர் பட்டறையில் 900 மி.மீ. சதுர ஷவர் ட்ரே ஒன்றைச் செய்துகொள்ளப் போவதாகவும், அதற்கு எத்தனை அடுக்கு மேட் (ரெசின் என்னும் பிசினில் ஊறவைத்து இறுக விடும் கண்ணாடி நார் விரிப்பு) போடச் சொல்ல வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஏற்கெனவே இருந்த ஒரு ட்ரே காலடியில் அமுங்கி, சத்தம் போட்டு, பிறகு விரிசல் விட்டு, கீழ் வீட்டுக்காரர் தம் வீட்டுக் கூரையில் ஈரம் படிந்திருப்பதாக வந்து நின்ற அனுபவம் உங்களுக்கு இருக்கும் என்று ஊகிக்கிறேன். அப்படி எதுவும் நடக்காமல் அடுக்குக் கணக்கைத் தேடி யாரும் இவ்வளவு தூரம் வருவதில்லை. கோவையில் சிறிய ஃபைபர் பட்டறை ஒன்றை நடத்துபவன் என்பதால் இக்கேள்வியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. இதே அடுக்குக் கணக்கைக் காரணம் காட்டித்தான் எனக்கு வர வேண்டிய தொகை ஒன்று இன்றுவரை நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது.

முதலில் உங்கள் கேள்விக்கு நேரான பதில். மேலே ஜெல்கோட் என்னும் நிறப் பூச்சு, அதன் பின்னால் 300 கிராம் மேட் ஒன்று, 450 கிராம் மேட் இரண்டு (கிராம் என்பது ஒரு சதுர மீட்டர் மேட்டின் எடை). நடுவில் 12 மி.மீ. ப்ளைவுட், அதன் பின்னால் மீண்டும் 450 கிராம் மேட் மூன்று. ஒருவர் நின்று குளிக்கும் ட்ரேக்கு இது தாராளமாகப் போதும். ஆனால் இந்த எண்ணிக்கையை மட்டும் பட்டறைக்காரரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் ட்ரே நன்றாக அமைந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். ட்ரேயின் விறைப்பு அடுக்குகளுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது, அவை ஒன்றோடொன்று எப்படிப் பிடித்திருக்கின்றன, ட்ரேயின் அடியில் என்ன இருக்கிறது என்ற மூன்றையும் பொறுத்தது.

இதைக் கணக்கிலேயே பார்க்கலாம். ஒரு சதுர மீட்டர் 450 கிராம் மேட் ஏறத்தாழ ஒரு கிலோ ரெசினைக் குடித்து, இறுகிய பின் ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு வரும். ஆறு மேட் போட்டால் ஏறத்தாழ ஆறு மில்லிமீட்டர். ஒரு தகடு வளைவதை எதிர்க்கும் திறன் அதன் தடிமனின் மும்மடிக்கு (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏற்பக் கூடும் என்பதால், அதே ஆறு மில்லிமீட்டரை மூன்று மூன்றாகப் பிரித்து, நடுவில் 12 மி.மீ. ப்ளைவுட்டை வைத்து இரண்டு பக்கமும் ஒட்டினால், ப்ளைவுட்டின் சொந்த வலிமையைச் சேர்க்காமலேயே விறைப்பு 19 மடங்காகிறது. விளிம்பை விட்டுவிட்டுப் பார்த்தால் 900 மி.மீ. ட்ரே ஏறத்தாழ 13 கிலோ இருக்கும். அதே 18 மி.மீ. தடிமனை முழுவதும் ஃபைபராகவே போட்டால் 20 கிலோவைத் தாண்டும். ஒட்டுமொத்தமாக ஊற்றிய ரெசின் இறுகும்போது கிளம்பும் சூட்டில் ட்ரே கோணிக்கொள்ளவும் செய்யும்.

வடிவமைப்பில் நான் விட்டுக்கொடுக்காத சில விஷயங்கள் உண்டு. நீர் வாட்டம் 50க்கு 1. நடுவில் துளை என்றால் ஓரத்திலிருந்து நடுவரை 9 மி.மீ. இறக்கம். நான்கு பக்கமும் நடுவை நோக்கிச் சரிவதால் ப்ளைவுட்டை ஒரே பலகையாக வைக்க முடியாது. முனை வெட்டிய நான்கு முக்கோணங்களாக அறுத்து வைத்து, இடைக்கோடுகளைப் பசையால் நிரப்ப வேண்டும். துளை விளிம்பிலிருந்து நான்கு விரல் அகலத்துக்கு மரமே வரக் கூடாது. அங்கே கூடுதல் மேட் போட்டுத் திண்ணமாக்க வேண்டும். எத்தனை நல்ல வாஷர் போட்டாலும் தண்ணீர் கசியும் வாய்ப்புள்ள இடம் அதுதான், நனைந்த மரம் ஃபைபருக்குள் இருந்தால் வெளியில் தெரியாமலேயே அழுகும். சுவரை ஒட்டிய பக்கங்களில் ட்ரேயின் விளிம்பு 25 மி.மீ. மேல்நோக்கி எழுந்து, டைல்ஸுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வேண்டும். இந்த மடிப்பு இல்லாமல் சிலிக்கானை மட்டும் நம்பி வைத்த ட்ரேக்கள்தாம் கீழ் வீட்டுக் கூரையை நனைக்கின்றன.

இனி செய்முறை. ட்ரேயைக் கவிழ்த்த நிலையில் செய்வோம். மேற்பக்கம் மோல்டை (அச்சை) ஒட்டியும் அடிப்பக்கம் நம்மைப் பார்த்தும் இருக்கும். மோல்டுக்கு வேக்ஸ் போட்டுத் துடைத்து, அதன் மேல் ட்ரே ஒட்டிக்கொள்ளாமல் உரிந்து வர உதவும் பி.வி.ஏ. திரவத்தைப் பூசி, அது காய்ந்த பிறகு ஜெல்கோட் அடிக்க வேண்டும். ஜெல்கோட் அரை மில்லிமீட்டர். மெலிந்துபோனால் அடுத்து வரும் ரெசினிலுள்ள ஸ்டைரீன் என்னும் கரைப்பான் அதை அரித்து, முதலைத் தோல் மாதிரிச் சுருக்கிவிடும். தடித்துப்போனால் பிற்பாடு தானே வெடிக்கும். ஜெல்கோட் தயாரா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். மோல்டின் ஓரத்தில், ட்ரேயில் சேராத இடத்தில், விரலை வைத்துப் பாருங்கள். பிசுபிசுப்பாக இருக்க வேண்டும், ஆனால் விரலில் நிறம் ஒட்டக் கூடாது. மேட் போட வேண்டிய நேரம் அதுதான்.

முதல் 300 கிராம் மேட்டைத் தனியாகப் போட்டு இறுக விடுங்கள். அவசரப்பட்டு மூன்றையும் சேர்த்துப் போடும் பட்டறைகளில்தான் ஜெல்கோட்டுக்குப் பின்னால் காற்று மாட்டிக்கொள்கிறது. வெள்ளை மேட் ரெசினைக் குடித்ததும் கண்ணாடி போலத் தெளிந்து, பின்னால் இருக்கும் நிறம் தெரிய ஆரம்பிக்கும். எங்கே வெள்ளைப் புள்ளி தங்கியிருக்கிறதோ அங்கே காற்று இருக்கிறது. இரும்பு ரோலரை நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டி அதை வெளியேற்ற வேண்டும். மூலைகளில் ரோலர் போகாது, பிரஷ்ஷின் நுனியால் குத்திக் குத்தித்தான் படிய வைக்க வேண்டும். மூலையைச் சின்ன வளைவாக வடிவமைத்திருந்தால் இந்தப் பாடு பாதியாகக் குறையும்.

ப்ளைவுட் ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள மரைன் ப்ளைவுட்டாக இருக்கட்டும். அதன் விளிம்புகளைச் சரிவாகச் சீவி, எல்லாப் பக்கமும் ரெசின் பூசிக் காயவைத்த பிறகே பயன்படுத்துங்கள். விளிம்பு செங்குத்தாக இருந்தால் மேலே வரும் மேட் அந்த முனையில் படியாது, நீளமான காற்றுக் குழாய் ஒன்று உள்ளே தங்கிவிடும். ரெசினில் சாக் பவுடரும் ஏரோசிலும் (கெட்டியாக்கும் மெல்லிய சிலிக்கா தூள்) குழைத்த பசையைத் தடவி, துண்டுகளை வைத்து, மணல் மூட்டைகளை ஏற்றி, பசை பக்கவாட்டில் பிதுங்கி வரும்வரை அழுத்த வேண்டும். காய்ந்த பின் ஒரு ரூபாய் நாணயத்தால் வரிசையாகத் தட்டிப் பாருங்கள். பிடித்த இடம் ‘டக்’ என்று கேட்கும், பிடிக்காத இடம் ‘பொத்’ என்று கேட்கும். அந்தப் பொத் சத்தத்தின் மேல் நீங்கள் எத்தனை மேட் ஒட்டினாலும் பயனில்லை, ஏனென்றால் ஒட்டாத இரண்டு தகடுகள் தனித்தனியே வளையும், மேலே சொன்ன 19 மடங்குக் கணக்கும் அந்த இடத்துக்குப் பொருந்தாது. கடைசி மூன்று மேட்டையும் ப்ளைவுட்டைத் தாண்டி விளிம்புவரை இழுத்து மூடி, ஓர் இரவாவது மோல்டிலேயே விட்டுவிடுங்கள். சீக்கிரம் உரித்தால் கோணும்.

ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட், ரெசின் எடையில் 1 முதல் 2 சதவீதம். சித்திரை வெயிலில் ஒன்றை ஒட்டியே வைத்துக்கொள்ளலாம், அதற்குக் கீழே போனால் ரெசின் முழுதாக இறுகாமல் ஸ்டைரீன் நாற்றம் மாதக்கணக்கில் குளியலறையில் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேட் ஈரம் வாங்கிவிடும், அப்போது வேலையைத் தள்ளிப்போடுவதே நல்லது. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: அந்தக் கேட்டலிஸ்டான எம்.இ.கே.பி.யையும், இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் ஒருபோதும் நேருக்கு நேர் கலக்காதீர்கள். இரண்டும் தனித்தனியே ரெசினுக்குள்தான் போக வேண்டும், ஒன்றில் ஒன்றை ஊற்றினால் வெடிக்கும்.

இப்போது எனக்கு நேர்ந்த கதைக்கு வருகிறேன். ஓர் அடுக்குமாடிக் கட்டுமான நிறுவனம் தன் குடியிருப்புக்காக எங்களிடம் ட்ரேக்களைச் செய்யக் கொடுத்தது. அவர்கள் தந்த வரைபடத்தில் ப்ளைவுட் கிடையாது. ஆறு மில்லிமீட்டர் ஃபைபர் மட்டும். நடுவில் மரமில்லாமல் இது வளையுமே என்று நான் எழுத்திலேயே கேட்டேன். ட்ரேயின் அடியில் முழுப் பரப்புக்கும் சிமென்ட் கலவைப் படுக்கை வைக்கப்படும், ஆகவே தேவையில்லை என்று பதில் வந்தது. பதில் நியாயமானதுதான், முழுப் படுக்கை இருந்தால் ஆறு மில்லிமீட்டரே தாங்கும். செய்து கொடுத்தோம். வீடுகளுக்கு ஆள் வந்து சில மாதங்களில், ட்ரேக்களில் மயிரிழை விரிசல்கள் என்றும், நாங்கள் அடுக்கைக் குறைத்து ஏமாற்றிவிட்டோம் என்றும் கடிதம் வந்தது; மீதித் தொகை நிறுத்தப்பட்டது.

நான் போய்ப் பார்த்தேன். விரிசல்கள் துளையைச் சுற்றியோ நடுவிலோ இல்லை. ஒவ்வொரு ட்ரேயிலும் ஏறக்குறைய அதே இடங்களில், மூலைகளை ஒட்டிக் கையகலத் திட்டுகளாக இருந்தன. ஒரு ட்ரேயைத் தூக்கச் சொன்னேன். அடியில் படுக்கை இல்லை. நான்கு மூலையிலும் கலவை உருண்டைகளை வைத்து, அவற்றின் மேல் ட்ரேயை அமுக்கிவிட்டுப் போயிருந்தார் கொத்தனார். ஒவ்வொரு மூலைத் திட்டுக்கும் நேர் கீழே ஓர் உருண்டை. இது தற்செயல் அல்ல. உருண்டைகளுக்கு இடையில் கால் வைக்கும்போது ட்ரே அங்கே கீழே தொய்கிறது, உருண்டைக்கு மேலே எதிர்ப்பக்கம் வளைகிறது. அப்படி வளையும்போது இழுபடுவது மேற்பரப்பு, அங்கே இருப்பது கண்ணாடி நார் எதுவும் இல்லாத ஜெல்கோட். அது முதலில் விடும். அந்த ட்ரேயை அவர்கள் கண் முன்பாகவே கட்டரால் குறுக்கே அறுத்துக் காட்டினேன். வெட்டுமுகத்தில் மேட்கள் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்திருந்தன, காற்று இல்லை, காலிப்பரில் தடிமன் ஆறுக்கும் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. அவர்களுடைய பொறியாளர் பார்த்தார், தலையாட்டினார். பணம் வரவில்லை.

கொத்தனாரை நான் குறை சொல்லவில்லை; டைல்ஸ் பதிக்கும் பழக்கத்தில் அவர் செய்த வேலை அது, ட்ரேயை எப்படி வைப்பது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஃபைபர்காரன் தன் சரக்குக்குப் பரிந்து பேசுகிறான் என்று சிலர் எழுதுவார்கள் என்பதும் தெரியும். எழுதட்டும். எங்கள் தொழிலிலும் கோளாறு உண்டு. கிலோ கணக்கில் விலை பேசும் வழக்கம் இருக்கும்வரை, எடையைக் கூட்டச் சாக் பவுடரை ரெசினில் கொட்டுபவனுக்குத்தான் லாபம். மேட்டை நன்றாக உருட்டி, அதிகப்படி ரெசினைப் பிழிந்தெடுத்து, எடை குறைந்த ஆனால் வலுவான ட்ரேயைக் கொடுப்பவனுக்குக் கூலி குறைகிறது. ஆகவே உங்கள் நண்பரிடம் கிலோவுக்கு இவ்வளவு என்று பேசாதீர்கள். ட்ரேக்கு இவ்வளவு என்று பேசி, மேட் எண்ணிக்கையையும், சாக் பவுடர் பசையில் மட்டுமே வரும் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அக்ரிலிக் ட்ரே வாங்கினால் இந்தத் தலைவலி இல்லையே என்று கேட்பவர்களுக்கு: நல்ல அக்ரிலிக் ட்ரேயும் அடியில் ஃபைபர்தான். சூடாக்கி வேக்குவத்தில் இழுத்த அக்ரிலிக் தகடு மூலைகளில் மெலிந்துபோவதால், பின்னால் மேட்டும் ரெசினும் போடாமல் அது நிற்காது. தவிர, அக்ரிலிக் சூட்டில் ஃபைபரைவிட இரண்டு மடங்குக்கு மேல் விரியும்; கீசர் தண்ணீரில் 20 டிகிரி சூடு ஏறினால் 900 மி.மீ. நீளத்தில் அக்ரிலிக் ஒன்றேகால் மில்லிமீட்டர் நீள விரும்பும், ஃபைபர் அரை மில்லிமீட்டர்தான் நீளும். பிணைப்பு மோசமாக இருந்தால் அந்த இழுபறியில் உரிந்துவிடும். நான் அக்ரிலிக்கின் எதிரி அல்லன். பளபளப்பிலும் கீறலைத் தேய்த்து எடுப்பதிலும் அதற்கு ஈடு கிடையாது. வாங்குவதானால் கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள்.

கடைசியாக ஒன்று. ஒரே ஒரு ட்ரேக்காகப் பேட்டர்ன் (மாதிரி வடிவம்) செய்து, மோல்டு எடுத்து, அதன் பிறகு ட்ரே என்றால், மோல்டுக்கே ட்ரேயைப் போல் பல மடங்கு செலவாகும். உங்கள் நண்பரிடம் பொருந்தும் மோல்டு ஏற்கெனவே இல்லையென்றால், ப்ளைவுட்டிலேயே வாட்டத்தோடு ட்ரேயைக் கட்டி, உள்ளும் புறமும் மேட் ஒட்டி, கடைசி ஈர ரெசினின் மேல் பொடி மணல் தூவிக் காயவைத்து, அதன் மேல் டைல்ஸ் பதித்துக்கொள்ளலாம்; ஜெல்கோட்டும் வேண்டாம், மோல்டும் வேண்டாம். எப்படிச் செய்தாலும், வைக்கும் நாளில் நீங்கள் அங்கே இருங்கள். கலவை முழுப் பரப்புக்கும் விரிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, ட்ரேயை ஒருமுறை வைத்து அழுத்தி, தூக்கித் திருப்பி, அடிப்பக்கம் முழுவதும் கலவை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகே நிரந்தரமாக வைக்கச் சொல்லுங்கள். டைல்ஸ் வேலைக்கு முன்பு துளையை அடைத்துத் தண்ணீர் நிரப்பி ஓர் இரவு விட்டு, மறுநாள் காலையில் கீழ் வீட்டுக் கூரையைப் போய்ப் பாருங்கள்.