விசாவில் வந்தவர்கள் ஊர் நூலகத்துக்குப் போகலாமா?

"அக்கா, அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு சின்ன ஊருக்குப் புதிதாக வந்திருக்கிறோம். கணவருக்கு எச்-1பி வேலை விசா, அவர் மனைவி என்பதால் எனக்கு எச்-4 விசா. மூன்று வயதுப் பையனோடு நாள் முழுக்க அபார்ட்மெண்டுக்குள்ளேயே இருக்கிறேன். பேச ஆள் இல்லை. ஊர் நூலகத்தில் என்னென்னவோ நிகழ்ச்சிகள் நடக்கின்றனவாம். எங்களைப் போன்றவர்கள் போகலாமா? காசு கட்ட வேண்டுமா? போனாலும் ஒட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போகலாம். காசு கிடையாது. ஒட்டுமா என்ற கேள்விக்குத்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும்.

முதலில் அந்த விசா பயத்தை விடுங்கள். நூலக அட்டை கொடுக்க அவர்கள் பார்ப்பது உங்கள் முகவரியை. பாஸ்போர்ட்டோடு, உங்கள் பெயர் போட்ட வாடகை ஒப்பந்தமோ கரண்ட் பில்லோ வங்கிக் கடிதமோ இருந்தால் அநேகமாகப் போதும். நிகழ்ச்சிகள் பலவற்றுக்கு அட்டைகூடத் தேவையில்லை. 'அரசாங்கச் சலுகையை அனுபவித்தால் கிரீன் கார்டுக்குச் சிக்கல்' என்று வாட்ஸ்அப்பில் யாராவது கிளப்பிவிட்டால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். நூலகத்துக்குப் போவது அந்தக் கணக்கில் வராது.

இலவசமாக வாங்குகிறோமே என்ற கூச்சமும் வேண்டாம். ஊர் மக்கள் தங்கள் வரிப்பணத்தில் நூலகம் நடத்திக்கொள்ளலாம் என்று இந்த மாநிலம் 1851-லேயே சட்டம் போட்டுவிட்டது. இங்கே இருக்கும் 351 ஊர்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் நூலகம் உண்டு. செலவில் பெரும்பங்கு ஊரின் சொத்து வரியிலிருந்து வருகிறது. நம் ஊரிலும் வீட்டு வரியோடு நூலக வரி கட்டுகிறோமே, அதே ஏற்பாடுதான். நீங்கள் கொடுக்கும் வாடகைக்குள் உங்கள் பங்கும் அடங்கியிருக்கிறது.

இப்போது ஒட்டுகிற விஷயம். உங்கள் பையன் வயதுக்கு முதலில் போக வேண்டியது ஸ்டோரி டைம். ஒரு கம்பளத்தில் எல்லாரும் உட்காருவார்கள். நூலகர் ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் சேர்த்து வணக்கப் பாட்டு பாடுவார். நம் பெயர்கள் அவர்கள் வாயில் படும் பாட்டைக் கேட்கச் சிரிப்பாக வரும். மெதுவாகச் சொல்லிக் கொடுங்கள், அடுத்த வாரமே சரியாகச் சொல்லிவிடுவார்கள். இரண்டு கதை, நடுவில் கிலுகிலுப்பை, வண்ணத் துணி வீசி ஆட்டம். அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். பையன் உட்காராமல் அறையைச் சுற்றி ஓடினால் சங்கடப்படாதீர்கள், பாதிக் குழந்தைகள் அப்படித்தான்.

கதை முடிந்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு உடனே கிளம்பிவிடாதீர்கள். பொம்மை மூலையில் குழந்தைகள் இன்னும் கொஞ்ச நேரம் விளையாடும். அம்மாக்கள், பாட்டிகள், சில அப்பாக்கள் எல்லாம் சுற்றி நிற்பார்கள். எந்தக் குழந்தை மருத்துவர் நல்லவர், எந்தப் பிரீஸ்கூலில் இப்போதே பெயர் கொடுத்து வைக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அங்கே நின்றுதான் தெரிந்தது. ஒன்று மட்டும் மனதில் வையுங்கள். இங்கே எல்லாரும் சிரிப்பார்கள், ஆனால் அடுத்த வாரம் அவர்களாக வந்து வீட்டுக்கு அழைப்பார்கள் என்று காத்திருந்தால் நடக்காது. திங்கள் ஒன்று, புதன் ஒன்று என்று நிகழ்ச்சி நிகழ்ச்சியாகத் தாவவும் தாவாதீர்கள். ஒரே நிகழ்ச்சிக்கு ஒரே கிழமையில் விடாமல் போங்கள். முகம் பழகிய பிறகுதான் பெயர் கேட்பார்கள், அதன் பிறகுதான் போன் நம்பர்.

உங்களுக்கென்று ஆங்கில உரையாடல் வட்டமும் இருக்கும். 'எனக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே' என்று ஒதுக்கிவிடாதீர்கள். இலக்கணத்துக்காகப் போகச் சொல்லவில்லை. போனில் மருத்துவமனை வரவேற்பாளர் கடகடவென்று பேசும்போது திணறாமல் இருக்க அது உதவும். எங்கள் மத்திய மாசசூசெட்ஸ் பக்கம் பிரேசில்காரர்கள் நிறைய. அந்த வட்டத்தில் எனக்குக் கிடைத்த நெருங்கிய தோழியும் பிரேசில்காரிதான்.

மாமியாரோ அம்மாவோ ஆறு மாதம் வந்து தங்கினால் பின்னல் குழுவுக்கு அழைத்துப் போங்கள். என் அம்மாவுக்கு ஆங்கிலம் சுத்தமாக வராது. குரோஷா ஊசியும் நூல்கண்டும் எடுத்துக்கொண்டு போனார். தட்டு மேல் போடும் துணிக்கு அவர் பின்னிய ஓரத்தைப் பார்த்துவிட்டு, எதிரே இருந்த வெள்ளைக்காரப் பாட்டி நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். அம்மா அவர் விரலைப் பிடித்து நூலைச் சுற்றிக் காட்டினார். ஒரு மணி நேரமும் அம்மா தமிழிலேயே பேசிக்கொண்டிருந்தார், அந்தப் பாட்டி தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் எதற்கு அங்கே என்று பேசாமல் நாவல் அலமாரிப் பக்கம் போய்விட்டேன்.

கொஞ்சம் பழகியதும் நீங்களே ஏதாவது நடத்திக் கொடுக்கலாம். தீபாவளியை ஒட்டிக் கோலம் போடச் சொல்லிக் கொடுக்கட்டுமா என்று நிகழ்ச்சிகளைக் கவனித்துக்கொள்ளும் நூலகரிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மகிழ்ச்சியாக ஒத்துக்கொள்வார்கள். ஆனால் அவர்கள் நாட்காட்டி இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே நிரம்பிவிடும், அதனால் ஆகஸ்டிலேயே வாயைத் திறக்க வேண்டும். எச்-4-இல் வேலை அனுமதி கையில் இல்லாதவரை சன்மானம் எதுவும் வாங்காதீர்கள். வேலை அனுமதி இல்லாமல் காசு கைமாறினால் அது வேறு தலைவலி.

இவை தவிர அருங்காட்சியக பாஸ் உண்டு. அதைக் காட்டினால் பாஸ்டன் பக்கத்து அருங்காட்சியகங்கள் சிலவற்றில் டிக்கெட் விலை குறையும், சிலவற்றில் இலவசம். பள்ளி விடுமுறை வாரத்துக்கு முன்கூட்டியே பதிந்துவிடுங்கள், கடைசி நேரத்தில் கிடைக்காது. வருமான வரி நேரத்தில் தன்னார்வலர்கள் வந்து இலவசமாகப் படிவம் நிரப்பித் தருவார்கள். ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்த முதல் வருடக் கணக்கு கொஞ்சம் இடக்கானது. 'எங்களால் முடியாது' என்று அவர்கள் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கார் ஓட்டுவதைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. ஓட்டாதவர் என்றால், சின்ன ஊரில் பஸ்ஸை நம்ப முடியாது. சனிக்கிழமை நிகழ்ச்சிகளிலிருந்து தொடங்குங்கள், கணவர் கொண்டுபோய் விடலாம். பிறகு யாராவது ஏற்றிப் போகிறேன் என்றால் குழந்தைக்கான கார் சீட்டையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். இந்த வயதுக் குழந்தையை அது இல்லாமல் காரில் ஏற்றச் சட்டம் விடாது. அப்புறம், பனி கொட்டும் நாட்களில் கிளம்பும் முன் நூலகத் தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஊரில் பனிக்காகப் பள்ளிக்கு விடுமுறை விட்டால் பெரும்பாலும் ஸ்டோரி டைமும் இருக்காது.