பதில்: என் ஓவிய பாணியை மங்காவுக்காக மாற்றவேண்டுமா?

வணக்கம். தசையும் நிழலுமாக நுணுக்கி வரைவது மங்காவுக்கு (ஜப்பானிய காமிக்ஸ்) ஒத்துவராது, ஜப்பானுக்கு முயற்சி செய்வதற்கு முன் எளிமையாக்கு என்று நண்பர்கள் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து மாற்றாதீர்கள்.

மங்கா ஓவியர் போயிச்சியைப் பாருங்கள். 1973இல் பிறந்த தென்கொரியர். அறிவியல் கதைகள் வரையவேண்டும் என்பதற்காகவே கல்லூரியில் இயற்பியல் படித்தவர். கொரியாவில் பெண்களுக்கான காமிக்ஸில் தொடங்கி, பிறகுதான் ஜப்பான் வந்தார். அங்கே அவருடைய 'சன்-கென் ராக்' தொடர் 2006 முதல் பத்தாண்டு ஓடியது. அடுத்து 2017இல் இனாகாகி ரீச்சிரோ எழுதிய 'டாக்டர் ஸ்டோன்' தொடருக்கு வரையத் தொடங்கினார்.

அதில் கல்லாகி மீண்ட நாயகன் செங்கூவின் முகத்தைக் கவனியுங்கள். நெற்றியில் விரிசல் கோடு அப்படியே இருக்கும். முடி, பாறை, காடு எல்லாம் அத்தனை அடர்த்தி. ஆனால் சிரிப்பு வரவேண்டிய இடத்தில் அதே முகம் சட்டென்று கேலிச்சித்திரமாகிவிடும். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்ததே இந்தத் தாவல்தான். நுணுக்கம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, இந்தத் தாவலைப் பழகுங்கள்.

இன்னொன்று: 'நேம்' போடக் கற்றுக்கொள்ளுங்கள். கட்டங்களும் வசனமும் மட்டும் வைத்து பென்சிலில் போடும் முன்வரைவு அது, வலமிருந்து இடமாக. தொடர் வேலையில் எடிட்டர் திருத்துவது முதலில் அதைத்தான். அந்தப் பேச்சு ஜப்பானிய மொழியில்தான் நடக்கும், ஆகவே மொழி வகுப்பை நிறுத்திவிடாதீர்கள்.