உங்கள் ஸ்பிரிண்டில் வெள்ளிக்கிழமை எங்கே போனது?

வணக்கம். ஒரு மென்பொருள் நிறுவனத்தில் யூஎக்ஸ் டிசைனராக இருக்கிறேன்; செயலியைப் பயன்படுத்துவோருக்கு எளிதாக வடிவமைப்பது என் வேலை. டிசைன் ஸ்பிரிண்ட் என்று சொல்லி எங்கள் டீமை இரண்டு நாள் ஓர் அறையில் அடைத்தார்கள். சுவர் முழுக்க ஸ்டிக்கி நோட், ஓட்டு, கைதட்டல். மறுவாரம் ப்ராடக்ட் ஹெட் வந்து பார்த்தார். "இது சரிப்படாது" என்று ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் தள்ளிவிட்டார். இதெல்லாம் வெறும் சடங்குதானா சார்?
— எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், அந்த அறையில் இருக்க வேண்டிய இரண்டு தரப்பு வரவே இல்லை. ஒன்று ப்ராடக்ட் ஹெட். இன்னொன்று, உங்கள் செயலியைப் பயன்படுத்தப் போகிறவர்கள். மாப்பிள்ளை வராமல் மேளம் கொட்டியிருக்கிறார்கள்.

டிசைன் ஸ்பிரிண்ட் என்பது, பெரிய பணம் போடுவதற்கு முன் ஒரு யோசனையைப் பயனர்களிடம் சோதித்துப் பார்க்கிற முறை. ஜேக் நாப் என்ற டிசைனர் 2010இல் கூகுளில் தொடங்கி, பிறகு அதன் முதலீட்டு நிறுவனமான கூகுள் வென்ச்சர்ஸில் இருந்தபோது மெருகேற்றியது. மொத்தம் ஐந்து நாள். திங்களன்று சிக்கலை வரைந்து, எந்த இடத்தில் கைவைப்பது என்று முடிவு செய்வார்கள். செவ்வாயன்று ஆளுக்கு ஆள் தனியாக உட்கார்ந்து வரைவார்கள். புதன் தேர்வு, வியாழன் ப்ரோட்டோடைப், அதாவது சோதனைக்கான மாதிரி. வெள்ளியன்று ஐந்து பயனர்களை ஒவ்வொருவராக அழைத்து அதைக் கொடுத்துப் பார்ப்பார்கள். டீம் பக்கத்து அறையில் உட்கார்ந்து அதைக் கவனிக்கும். முதல் நான்கு நாள் வேலையும் இந்த ஒரு நாளுக்காகத்தான். உங்கள் அலுவலகம் வெட்டியெறிந்தது சரியாக அதைத்தான்.

இதே முறையில் ஸ்பிரிண்ட் நடத்திய சாவியோக் நிறுவனத்தின் கதையைப் பாருங்கள். ஹோட்டல் அறைக்கு டூத்பிரஷ், துண்டு கொண்டுபோய்க் கொடுக்கிற ரோபோ அவர்களுடையது. அதற்குக் கண்ணும் முகமும் வைக்கலாமா, கொடுத்து முடித்ததும் சின்னதாக ஓர் ஆட்டம் போட வைக்கலாமா என்பது கேள்வி. முகம் வைத்தால் விருந்தினர்கள் பேச்சுக் கொடுப்பார்கள், ரோபோ பதில் சொல்லாது, எரிச்சல்தான் மிஞ்சும் என்பது பயம். நம் ஊர் மீட்டிங்காக இருந்தால் இந்த வாதத்தை ஆறு மாதம் இழுத்திருப்போம். அவர்கள் ஓர் ஐபேடில் முகத்தைப் போட்டு ரோபோவில் மாட்டி, ரிமோட்டால் ஓட்டினார்கள். கலிஃபோர்னியாவின் குபர்டினோவில் ஒரு ஹோட்டலில் விருந்தினர்கள் ஒவ்வொருவராகக் கதவைத் திறந்து பார்த்தார்கள். முகம் எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஒருவர்கூட ரோபோவிடம் உரையாட முயலவில்லை. தலைவர் ஸ்டீவ் கசின்ஸும் அந்த ஸ்பிரிண்டில் இருந்தார். அதனால் மறுவாரம் வந்து தள்ளிவிட அங்கே யாரும் மிச்சமில்லை.

ஓட்டு பற்றி ஒன்று. புதன்கிழமை எல்லோரும் பிடித்த வரைவின்மேல் புள்ளி ஸ்டிக்கர் ஒட்டுவது கருத்து அறிவதற்கு மட்டும்தான். கடைசி ஓட்டு முடிவெடுக்கிறவருடையது, அவர் கூட்டத்துக்கு எதிராகவும் போகலாம். ஜனநாயகம் இல்லையே என்று சிலர் வருத்தப்படுவார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. எப்படியும் அதிகாரம் அவரிடம்தான் இருக்கிறது, புதன்கிழமையே காட்டிவிட்டுப் போகட்டும்.

ஐந்து பேர் போதுமா என்று அடுத்து கேட்பார்கள். ஐந்து பேரிடம் சோதித்தாலே சுமார் 85 சதவீதச் சிக்கல்கள் தெரிந்துவிடும் என்று பயன்பாட்டு எளிமை நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதினார். அந்தச் சதவீதத்தை நான் வேதமாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் மூன்றாவது ஆளும் அதே பட்டனில் தடுமாறும்போது பக்கத்து அறையில் யாரும் விவாதிக்க மாட்டார்கள்.

ஒரு பட்டனை இடம் மாற்ற ஐந்து நாள் வேண்டாம். பெரிய பணம் போடுவதற்கு முன், விடை தெரியாத கேள்வி இருந்தால் மட்டும் இதைக் கையில் எடுங்கள். அடுத்த முறை அறையை புக் செய்வதற்கு முன்பே வெள்ளிக்கிழமைக்கான ஐந்து பேரைத் தேடத் தொடங்கிவிடுங்கள். வாரம் முழுக்க வர முடியாது என்று ப்ராடக்ட் ஹெட் சொன்னால், தன் சார்பில் முடிவெடுக்க ஒருவரை முழு அதிகாரத்தோடு அனுப்பச் சொல்லுங்கள். அதற்கும் சம்மதிக்காவிட்டால் ஸ்பிரிண்டைத் தள்ளிப்போடுங்கள்.