லண்டன் சாக்லேட்டில் கானா விவசாயிக்கு எவ்வளவு?

கேள்வி: லண்டனிலிருந்து வரும்போதெல்லாம் என் மகள் ஒரு டார்க் சாக்லேட் வாங்கி வருவாள். 100 கிராம், கானா கொக்கோ, 70 சதவீதம் என்று போட்டிருக்கிறது, ஃபேர்டிரேட் முத்திரையும் உண்டு. மற்றதைவிட ஒரு பவுண்ட் கூட. அந்தப் பணம் விவசாயிக்குத்தான் போகிறதா? (வாசகி, கோவை)

பதில்: கொஞ்சம்தான் போகிறது. ஃபேர்டிரேட் என்பது விவசாயிக்கு நியாயமான விலை கிடைக்க வேண்டும் என்பதற்கான சான்று முத்திரை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஃபேர்டிரேட் கொக்கோவை வாங்குபவர், கொட்டையின் விலைக்கு மேல் டன்னுக்கு 240 டாலர் பிரீமியம் தரவேண்டும் என்று 2019 அக்டோபரில் விதி வந்தது. உங்கள் சாக்லேட்டுக்கு ஏறக்குறைய 90 கிராம் கொட்டை போயிருக்கும். அப்படியானால் பிரீமியம் 2 சென்ட். நம் பணத்தில் சுமார் 2 ரூபாய். அதுவும் விவசாயி கைக்கு நேராக வராது, அவருடைய கூட்டுறவு சங்கத்துக்குப் போகும். எதற்குச் செலவழிப்பது என்று உறுப்பினர்கள் கூடி முடிவு செய்வார்கள்.

2 ரூபாய்தானே என்று தள்ளிவிடாதீர்கள். கானாவில் 1993-ல் விவசாயிகளே தொடங்கிய குவாபா கொக்கூ சங்கத்தைப் பாருங்கள். அதுவரை வியாபாரிகளின் தராசில் எடை குறைவது வாடிக்கை. இந்தச் சங்கத்தில் விவசாயிகளே தங்களில் ஒருவரை நியமித்து, தங்கள் தராசிலேயே நிறுத்தார்கள். முள் எங்கே நிற்கிறது என்று கொட்டை கொண்டுவந்தவரே பார்க்க முடிந்தது. வாங்குபவரின் ஆதரவு இப்படிப்பட்ட சங்கத்தின் கையில் சேரும்போதுதான் அதற்கு அர்த்தம் என்பது என் கருத்து.

வெறும் வாக்குறுதி போதாது. 2020-21 பருவத்திலிருந்து கானாவும் ஐவரி கோஸ்ட்டும் டன்னுக்கு 400 டாலர் கூடுதலாகக் கேட்டன. வாங்கும் கம்பெனிகள் அதைத் தந்தன. ஆனால் நல்ல கொட்டைக்கென்று வழக்கமாகத் தரும் இன்னொரு தொகையை அடிமட்டத்துக்குக் குறைத்துவிட்டன. ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொண்ட கதை. 2024-ல் உலகச் சந்தையில் கொக்கோ டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியபோதும் கானா விவசாயிக்கு அந்த விலை கிடைக்கவில்லை. விளைச்சலில் பெரும்பகுதியை அரசு வாரியம் பழைய விலைக்கே முன்கூட்டி விற்றிருந்தது.

அப்புறம் ஒன்று. முத்திரைக்குப் பக்கத்தில் சின்ன அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். ‘மாஸ் பேலன்ஸ்’ என்று இருந்தால், சங்கத்தின் கொட்டை மற்ற கொட்டையோடு கலந்திருக்கலாம். கம்பெனி எவ்வளவு ஃபேர்டிரேட் கொட்டைக்குப் பணம் கொடுத்ததோ அந்த அளவுக்குத்தான் முத்திரை போட்டு விற்க முடியும். ஏமாற்று இல்லை, ஆனால் தெரிந்து வாங்குவது நல்லது. நானாக இருந்தால் சங்கத்தின் பெயரையே உறையில் சொல்லும் சாக்லேட்டை வாங்குவேன்.

கேள்வி: ஆப்பிரிக்காவில் கொக்கோ தோட்டம், மாதாமாதம் பங்குத்தொகை என்று வாட்ஸ்அப்பில் அழைக்கிறார்கள். விவசாயிகளுக்கும் உதவியாக இருக்குமாம். பணம் போடலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: வேண்டாம். கொக்கோ மரம் காய்ப்பதற்கே மூன்று முதல் ஐந்து ஆண்டு ஆகும். முதல் மாதமே பணம் தருகிறார்கள் என்றால் அது தோட்டத்தில் விளைந்த பணம் இல்லை, உங்களுக்குப் பின்னால் சேர்ந்தவர் போட்ட பணம். 2012-ல் பெருந்துறை ஈமு கோழியில் ஊரே இழந்ததை உங்கள் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பலரிடம் பணம் திரட்டி நடத்தும் இப்படிப்பட்ட திட்டத்துக்கு இந்தியாவில் செபி (முதலீட்டுச் சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) பதிவு கட்டாயம். பதிவு எண்ணைக் கேளுங்கள். சொன்னால், செபி இணையதளத்தில் நீங்களே தேடிச் சரிபாருங்கள்.